கண்கொத்திப் பாம்பு கண்ணைக் கொத்துமா?
"பச்சைப் பாம்பைப் படம் எடுக்காதீங்க, பறந்து வந்து கண்ணைக் கொத்திடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. கண்கொத்திப் பாம்பு என்பதும் இந்தப் பச்சைப் பாம்புதான். அது பறக்காது, கண்ணைக் குறிவைப்பதும் இல்லை. பல்லி, ஓணான், தவளைதான் அதன் இரை. முகத்தை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் பயத்தில் பாயும், அது முகத்தில் பட்டுத்தான் இந்தப் பேரே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செடியில் கொடி மாதிரி அசைந்தபடி, படுக்கைவாட்டில் நீண்ட கண்மணியால் நம்மையே பார்க்கும், அவ்வளவு அழகு. மிரண்டால் கழுத்து உப்பி, செதில்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளைக் கோடுகள் தெரியும், உடனே விலகிவிடுங்கள். விஷம் லேசானதுதான், பின்பற்களில் இருக்கிறது. ஆனால் மலைக்காடுகளில் மூங்கில் விரியனும் பச்சைதான், அதனால் எது கடித்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். படத்தை ஆறடி தள்ளி நின்று ஜூம் பண்ணி எடுங்கள், தயவுசெய்து கம்பைத் தேடாதீர்கள்.