லைடனும் லைட்டும் ஒரே வேர் இல்லை

"ஜெர்மனில் லைட் என்றால் துயரம், அதிலிருந்துதான் லைடன், அதாவது துன்பப்படுவது என்ற வினை பிறந்தது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் தப்பு. இன்றைய ஜெர்மனின் முன்னோடியான பழைய உயர் ஜெர்மனில் அந்த வினைக்குப் பொருள் போவது, பயணம் செய்வது. பழைய ஆங்கிலத்தில் கப்பலேறிப் போவதற்கும் இதன் உறவுச் சொல்தான். போவது கடந்துபோவதாகி, அப்புறம் பட்டு அனுபவிப்பதாகி, பக்கத்திலேயே இருந்த லைட்டின் சாயலும் சேர்ந்து வலி ஒட்டிக்கொண்டது. லைட் வேறு குடும்பம், வெறுப்பைச் சொல்லும் ஆங்கில லோத்துக்குச் சொந்தம். சந்தேகமா? டச்சில் 'மூன்று வருடத்துக்கு முன்' என்பதற்கு 'ட்ரீ யார் ஹெலேடன்' என்பார்கள். அந்த ஹெலேடன் இதே வினைதான். அங்கே யாருக்கும் வலிக்கவில்லை, காலம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.