தேள் குச்சியைத் தாண்டிக் கொஞ்சம் நடங்கள்

தாய்லாந்து போய் வந்தவர்கள் போடுகிற வீடியோக்களில் சாப்பாடு என்றாலே ஒரே காட்சிதான். பாங்காக் காவ் சான் சாலையில் குச்சியில் குத்தி வைத்த தேள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. வெட்டுக்கிளியும் மூங்கில் புழுவும் வடக்கிலும் வடகிழக்கே ஈசானிலும் மக்கள் காலங்காலமாகச் சாப்பிடுவது, அதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தேள் பெரும்பாலும் நாம் படம் எடுக்கத்தான் அங்கே நிற்கிறது. அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, மூன்று வேளையும் பட்டர் நான் தின்று ஊர் திரும்புகிறோம்.

முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன். கூட்டிப்போன டூர் கம்பெனி ஐந்து நாளும் ஒரே பஃபேயில் உட்கார வைத்தது. வெளியே சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடும் என்றார்கள். நம்பினேன்.

அடுத்த முறை நானும் அக்காவும் மட்டும் போனோம். காலையில் ஒரு சந்தை வாசலில், கரி அடுப்பின் மேல் குழி குழியாக ஒரு கல். “ஏட்டி, நம்ம பணியாரக் கல்லு!” என்று அக்கா நின்றுவிட்டாள். அதன் பெயர் கனோம் க்ரோக். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்த மாவை முதலில் ஊற்றுகிறார்கள். ஓரம் முறுக ஆரம்பித்ததும், சர்க்கரையும் துளி உப்பும் சேர்த்த கெட்டித் தேங்காய்ப்பாலை மேலே விடுகிறார்கள். வெங்காயத்தாளோ சோளமோ தூவி மூடி போட்டால் சரி. நம்மைப் போலத் திருப்பிப் போடுவதில்லை. வெந்ததும் கரண்டியால் நெம்பி எடுத்து, இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தருகிறார்கள். அடியில் மொறுமொறுப்பு, நடுவில் இளகிய தேங்காய்ப்பால். வெங்காயத்தாளும் இனிப்புமா என்று யோசிக்கவே வேண்டாம், அந்த உப்புதான் எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறது. மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் வாங்கினால் மேலே ஊற்றும் தேங்காய்ப்பாலிலும் அதே உப்பு, அதோடு வறுத்த பாசிப்பருப்பு.

முட்டை சாப்பிடுகிறவர்கள் ஃபோய் தோங் கேளுங்கள். மஞ்சள் கருவைக் கொதிக்கும் பாகில் நூலாக விட்டு எடுப்பது. போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த வித்தை. 17ஆம் நூற்றாண்டில் அந்நாளைய தலைநகர் அயுத்தயாவில் வாழ்ந்த மரியா குயோமர் டி பின்ஹா, ஜப்பானிய, போர்ச்சுக்கீசிய வழி வந்த பெண், இதை அங்கே கொண்டுவந்தார் என்பார்கள். 1688இல் அவர் கணவர், அரசரிடம் செல்வாக்கோடு இருந்த கான்ஸ்டன்டைன் ஃபால்கன், கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சமல்ல. தோங் என்றால் தங்கம். கல்யாண வீட்டில் இந்த இனிப்பு இல்லாமல் நடக்காது.

ஆனால் என்னைக் கேட்டால், பெட்சபுரிக்குப் போங்கள். பாங்காக்கிலிருந்து தெற்கே ரயிலில் மூன்று மணி நேரம். ஊர் நெருங்கும்போதே வயல் நடுவே பனைமரங்கள். உடன்குடிப் பக்கம் பிறந்த எங்களுக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது. தாய்லாந்து மொழியில் பனைக்குப் பெயர் ‘தான்’, நீருக்கு ‘நம்’. இரண்டையும் சேர்த்து ‘நம்தான்’ என்றால் சர்க்கரை! பனையின் நீர்தான் அந்த நாட்டுக்கே சர்க்கரை என்ற சொல்லைக் கொடுத்திருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அங்கே ‘கனோம் தான்’ என்ற பனம்பழப் பலகாரம் சாப்பிட்டோம். பழுத்த பனம்பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, அந்தக் களியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடிக்கிறார்கள். பிறகு அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்கவைத்து, வாழையிலைக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்து, மேலே தேங்காய்த் துருவல். யாழ்ப்பாணத்தில் இதே களியை எண்ணெயில் பொரித்துப் பனங்காய்ப் பணியாரம் என்கிறார்கள். எங்கள் ஊரில் பனம்பழத்தைச் சுட்டுத் தின்போம், பல்லிடுக்கில் நார் மாட்டும். கனோம் தானைப் பிய்த்து வாயில் போட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அதே வாசனை. ஆச்சி வீட்டு முற்றத்து வாசனை.

ஒரு பொட்டலம் ஊருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டோம். விற்ற அம்மா கையை ஆட்டி மறுத்துவிட்டார். தேங்காய் சேர்ந்தது, மறுநாளே ஊசிப்போகுமாம். அங்கேயே நின்று இன்னும் நான்கு வாங்கிச் சாப்பிட்டோம்.