ஒன்பதோடு நின்றுவிடுகிறோம்

இன்று மார்ச் 19. நர்சிங் கல்வியாளர் வர்ஜீனியா ஹெண்டர்சன் 1996இல் காலமான நாள். நர்சிங் படித்த எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரியும். நர்ஸ் கவனிக்க வேண்டியவை என்று அவர் வகுத்த மனிதத் தேவைகளின் பட்டியல் ஒன்று உண்டு; "பதினான்கு அடிப்படைத் தேவைகளை எழுதுக" என்று முதல் வருஷத் தேர்வில் வருவார். மனப்பாடம் பண்ணி எழுதுவோம், மார்க் வாங்குவோம், அத்தோடு விட்டுவிடுவோம். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துத் தென்னந்தோப்பு வீடுகளுக்குப் பாலியேட்டிவ் ஹோம் கேர் (தீராத நோயில் கிடப்பவர்களை வீட்டிலேயே போய்க் கவனிப்பது) போக ஆரம்பித்த பிறகுதான் அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆனார்.

அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் 1897இல் பிறந்தவர். முதல் உலகப் போர் சமயத்தில் ராணுவ நர்சிங் பள்ளியில் சேர்ந்து 1921இல் படிப்பை முடித்தார். முடித்த கையோடு நியூயார்க்கில் ஹென்றி ஸ்ட்ரீட் அமைப்பில், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை. பெரிய கல்வியாளர் என்று பேர் வாங்கும் முன்னால் படியேறி இறங்கிய நர்ஸ் அவர். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் பாடம் நடத்தினார், பெர்த்தா ஹார்மர் என்பவரின் நர்சிங் பாடநூலைத் திருத்தி விரிவாக்கினார். 1955இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் நர்ஸின் வேலை என்ன என்பதற்கு அவர் தந்த விளக்கம் இருக்கிறது. ஒருவருக்கு வலுவும் மனசும் விவரமும் இருந்தால் எதையெல்லாம் தானே செய்துகொள்வாரோ, அதை அவரால் முடியாத நேரத்தில் நாம் செய்து தர வேண்டும். கூடிய சீக்கிரம் அவரே செய்துகொள்கிற நிலைக்கும் கொண்டுவர வேண்டும். குணமாகாது என்றால் நிம்மதியாகப் போய்ச் சேர உதவுவதையும் அதே வாக்கியத்தில் சேர்த்தார். 1955இல்! இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்தப் பதினான்கை மறுபடி எடுத்துப் பாருங்கள். மூச்சு, சாப்பாடு, மலஜலம், அசைவு, தூக்கம், உடை, உடல் சூடு, சுத்தம், ஆபத்தில்லாமல் இருப்பது. இதோடு ஒன்பது. மிச்சம் ஐந்து: மனசில் இருப்பதைச் சொல்வது, சாமி கும்பிடுவது, செய்து முடித்தோம் என்று நிறைவு தருகிற ஒரு வேலை, பொழுதுபோக்கு, புதிதாக எதையாவது தெரிந்துகொள்வது.

நாம் ஒன்பதோடு நின்றுவிடுகிறோம். இதுதான் என் ஆதங்கம். அந்த ஐந்தையும் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள், கோயிலோ சர்ச்சோ பார்த்துக்கொள்ளும் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஹெண்டர்சன் அவற்றையும் நர்ஸின் வேலை என்றுதான் எழுதினார்.

கேரளத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கம் இன்று பஞ்சாயத்து வரைக்கும் வந்திருக்கிறது. இதற்கென்று 2008இலேயே கொள்கை வகுத்த மாநிலம் இது, இந்தியாவில் முதலாவது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று ஓடும்போது கத்தீட்டர் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங், பிரஷர், சுகர், அவ்வளவுதான் முடிகிறது. எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே வயசானவர்களுக்கு மலையாளம் நன்றாகப் புரியும், கடையிலும் ஆபீசிலும் பேசுவார்கள். வலியையும் பயத்தையும் மட்டும் தமிழில்தான் சொல்வார்கள். பயிற்சிக்குப் போஸ்டிங் வருகிற மலையாள நர்சிங் பிள்ளைகளிடம் "ஒண்ணுமில்லைங்க சிஸ்டர், சுகந்தான்" என்று முடித்துக்கொள்வார்கள். பிள்ளைகளும் அதையே எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மனசில் இருப்பதைச் சொல்வது என்ற பத்தாவது தேவை அந்தத் திண்ணையிலேயே விடுபட்டுப் போகிறது.

பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன ஒரு பெரியவர். புண் இல்லை, பிரஷர் கட்டுக்குள், ரிஜிஸ்டர்படி எல்லாம் சரி. ஆனால் சாப்பாட்டை வாயிலேயே வாங்க மாட்டார். ஒரு நாள் தோப்பில் தேங்காய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. "எத்தனை விழுந்துச்சுனு எவனாவது எண்றானா அம்மிணி?" என்று கேட்டார். அவராகப் பேசி அன்றுதான் கேட்டேன். மகனிடம் சொல்லிக் கட்டிலைத் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். வலது கை நன்றாக இருந்ததே! நோட்டும் பேனாவும் கொடுத்தோம். சாயங்காலம் வரை கணக்கு எழுதினார். இரண்டு இடத்தில் மகனுடைய கணக்கைத் திருத்தினார். ராத்திரி தானே பிசைந்து சாப்பிட்டார் என்று மருமகள் போனில் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறைவு தருகிற வேலை என்ற பன்னிரண்டாவது தேவை அது. எந்த மருந்துச் சீட்டிலும் வராது.

கேர் பிளான், அதாவது நோயாளிக்கு என்னென்ன செய்யப்போகிறோம் என்று எழுதிவைக்கும் திட்டம், அந்த விஷயத்துக்கும் வருகிறேன். வரிசையாக ஐந்து கட்டம் நிரப்பினால் நர்சிங் முடிந்தது என்று பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். இப்படிப் படிப்படியாகத் திட்டமிட்டுக் கவனிக்கிற முறைக்கு வைத்த நர்சிங் பிராசஸ் என்ற பெயரே சரிதானா என்று 1982இல் கட்டுரை எழுதிக் கேட்டவர் ஹெண்டர்சன். அப்போது அவருக்கு 84 வயது. தியரிஸ்ட் (கோட்பாடு வகுத்தவர்) என்ற பட்டத்தையும் அவர் தேடிப் போகவில்லை, மற்றவர்கள்தான் கொடுத்தார்கள். அவரையே நாம் ஒரு கட்டத்துக்குள் அடைத்துப் பரீட்சைக் கேள்வி ஆக்கியிருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

98 வயதில் கனெக்டிகட்டில் ஒரு ஹாஸ்பிஸில், கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இடத்தில்தான், அவர் உயிர் பிரிந்தது. நிம்மதியாகப் போய்ச் சேர உதவுவது என்று அவர் எழுதியது அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நர்சிங் டீச்சர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கம்யூனிட்டி போஸ்டிங்கில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரே ஒரு வீட்டுக்காவது பிரஷர் மெஷின் இல்லாமல் அனுப்புங்கள். கடைசி ஐந்தை மட்டும் கேட்டு எழுதி வரட்டும், நோயாளி பேசுகிற பாஷையிலேயே. பஞ்சாயத்துகளிடம் ஒன்று: ஹோம் கேர் ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் கூட்டுங்கள், "தானே செய்ய ஆசைப்படுவது" என்று. அதைக் கேட்டு எழுத ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஆகும். அந்த நேரம் கிடைக்க வேண்டுமானால் இன்னொரு நர்ஸ் போஸ்ட் வேண்டும். அதையும் சேர்த்தே கேட்கிறேன்.