கண்ணாடியை ஏத்துய்யா!

மறுபடியும் அதே கூத்து. காட்டுக் கழுதைங்க தெருவுல திரியுற அரிசோனாவோட குட்டி ஊர் ஓட்மேன், அதோட மெயின் ரோடு, நட்ட நடு வழி, வெள்ளை எஸ்யூவி, இறங்கின கண்ணாடி, வெளியே நீட்டின சிப்ஸ் பாக்கெட். பின்னாடி பதினாலு வண்டி. ரூட் 66-ங்கற பழைய அமெரிக்க நெடுஞ்சாலையில அந்தப் பக்கம் போனவங்க எல்லாரும் இந்த வரிசையில ஒரு தடவையாவது வெந்திருப்பீங்க. அதனால முன்கதை வேணாம், நேரா விஷயத்துக்கு வரேன்.

முதல் நிமிஷம். கழுதை ரோட்டு நடுவுல நின்னுச்சு, வண்டி நின்னுச்சு. அதுவரைக்கும் நியாயம். கழுதை நகர்ந்துச்சு. வண்டி நகரல. ஏன்னா பின் சீட்டுல யாருக்கோ அது "க்யூட்டா" இருந்துச்சு. ஓட்டுறவர் நாலு கண்ணாடியையும் ஒரே நேரத்துல இறக்கினாரு, கல்யாண மண்டபத்துக் கதவைத் திறந்துவிடுற மாதிரி. ஊர் ஆரம்பத்துலயும் கடைசியிலயும் வண்டி நிறுத்த மண் தரை இருக்கு. அங்க விட்டுட்டு அஞ்சு நிமிஷம் நடந்தா முழு ஊரும் முடிஞ்சுடும். ஆனா ஏசியை விட்டு இறங்கணுமே! அது முடியாது.

ரெண்டாவது நிமிஷம். பாக்கெட் கிழியுற சத்தம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு கேட்டவர் ஓட்மேன் கழுதையைப் பார்த்ததில்ல. அந்தச் சத்தம் கேட்டதும் கடை ஓரமா தூங்கிட்டிருந்த நாலும் காதைத் திருப்புச்சு. ஒண்ணு அஞ்சாச்சு. அஞ்சும் வண்டியைச் சுத்தி நின்னுச்சு. அதுல ஒண்ணு, ஏறத்தாழ 200 கிலோ எடை, தலையை உள்ள விட்டுச்சு.

மூணாவது நிமிஷம்தான் உச்சம். கழுதைக்கு மேல் உதடு கிட்டத்தட்ட விரல் மாதிரி. சிப்ஸை மட்டும் தனியா எடுக்கும், பாக்கெட்டோடயும் எடுக்கும், மடியில இருக்குற செல்போன் உறையையும் தடவிப் பார்க்கும். உள்ள அலறல். ஓட்டுறவர் என்ன செஞ்சாரு? கண்ணாடி ஏத்துற பொத்தானை அமுக்கினாரு. கழுதையோட கழுத்து உள்ள இருக்கும்போது! எதிர்ல வர்ற ஆபத்தைக் குறைக்க அதைவிட மோசமான வழியைக் கண்டுபிடிக்க முடியாது. கழுத்துல கண்ணாடி பட்டதும் மிருகம் மேலேயும் பின்னாலேயும் இழுக்கும். ரப்பர் கிழியும், கண்ணாடி தண்டவாளத்தை விட்டு நழுவும், கதவுல கோடு விழும். அதுவும் கியர் இன்னும் டி-யில, அதாவது ஓடுற நிலையில, கால் பிரேக்கு மேல, கவனம் பின் சீட்டு மேல. கால் நழுவினா முன்னாடி நிக்கிற ரெண்டு கழுதையும் ஒரு குடும்பமும் காலி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல்ல கியரை பி-யில, அதாவது பார்க்கிங்ல போடு. பொத்தானைத் தொடாதே. சத்தம் போடாதே. தீனி இருக்குற கையை உள்ள இழுத்து மூடி மறை. ஒண்ணும் கிடைக்கலைன்னா அதுவே தலையை எடுத்துட்டு அடுத்த ஏமாளியைத் தேடிப் போயிடும். எடுத்ததும் ஏத்து.

நாலாவது நிமிஷம். பின்னாடி நிக்கிற பதினாலு வண்டியில ஒரு மேதாவி ஹார்ன் அடிச்சாரு. ஐயா, குதிரை பயந்தா ஓடும். கழுதை பயந்தா உறைஞ்சு நிக்கும், நிலைமையை எடைபோடும், அப்புறம்தான் முடிவு எடுக்கும். மலைப்பாறையில கண்ணு தெரியாம ஓடினா கால் உடையும்னு தெரிஞ்ச இனம் அது. ஒவ்வொரு ஹார்னுக்கும் அரை நிமிஷம் கூடுதலா நிக்கும். அவர் ஏழு தடவை அடிச்சாரு.

அஞ்சாவது நிமிஷம். சிப்ஸ் தீர்ந்துச்சு, அப்பாடான்னு இருந்தா, பிஸ்கட் வந்துச்சு. பிஸ்கட்டுக்கு அப்புறம் சின்னச் சின்னக் கேரட் நிறைஞ்ச பை. இப்போ ஒரு குட்டி வந்துச்சு. நெத்தியில ஸ்டிக்கர். "எனக்குத் தீனி போடாதீங்க"ன்னு ஊர்க்காரங்க ஒட்டி வெச்சது. கழுதைக்குப் படிக்கத் தெரியாது, சரி. அதனாலதான் மனுஷனைப் பார்த்து எழுதியிருக்கு! அந்த அம்மா ஸ்டிக்கர் தெரியுற மாதிரி குட்டியோட மூஞ்சியைத் திருப்பி போட்டோ எடுத்தாங்க. எடுத்துட்டு, அந்த ஸ்டிக்கருக்குக் கீழேயே கேரட்டை நீட்டினாங்க. இதுக்கு மேல நான் என்ன எழுத?

எழுதுறேன். குட்டிக்குக் கேரட் தொண்டையில அடைக்கும். குதிரை, கழுதை இனத்தால வாந்தி எடுக்க முடியாது, தப்பா உள்ள போனது திரும்பி வராது. பெரிய கழுதைக்கும் அடைக்கலாம், அதோட வேற கோளாறும் இருக்கு. அதோட உடம்பு பாலைவனத்துச் சுள்ளி, காய்ஞ்ச புல், முள்செடின்னு நார் நிறைய, சர்க்கரை கம்மியா இருக்குற தீனிக்குப் பழகினது. பெருங்குடல்ல நுண்ணுயிர் மெல்ல மெல்ல நொதிக்க வெச்சு, அதுல வர்ற சக்தியில வாழுது. மாவும் சர்க்கரையும் உள்ள போனா அந்த நுண்ணுயிர்க் கூட்டம் தலைகீழாகும், கொழுப்பு கழுத்துல கட்டி மாதிரி தொங்கும், குளம்புக்குள்ள வீக்கம் வரும். குளம்பு போன கழுதை பாறை மலையில எத்தனை நாள் தாங்கும்?

உடனே ஒருத்தர் கிளம்புவாரு: "நம்ம ஊர்க் கழுதை சினிமா போஸ்டரையே தின்னுதே, சிப்ஸ் என்ன பண்ணிடப் போவுது?" கேளுங்க. போஸ்டர் காகிதம். காகிதம்னா மரநார். மையையும் பசையையும் விட்டுட்டுப் பார்த்தா, கழுதையோட வயித்துக்குச் சிப்ஸைவிடப் போஸ்டர்தான் கிட்டத்துச் சொந்தம். இந்த வாதத்தை இனிமே கொண்டு வராதீங்க.

கடையில விக்குற அமுக்கின உலர்புல் கட்டி இருக்கு, அதை மட்டும்தான் கொடுக்கலாம்னு ஊர்க்காரங்க சொல்றாங்க. காட்டுக் கழுதைகளைப் பார்த்துக்குற கூட்டரசு நிலத்துறையைக் கேட்டா, எதுவுமே வேணாம்கும். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. கொடுத்தே தீருவேன்னா, வண்டியை விட்டு இறங்கி, ரோட்டை விட்டு ஒதுங்கி, உள்ளங்கையைத் தட்டையா விரிச்சு, கட்டைவிரலை ஒட்டி வெச்சுக் கொடு. விரல் நுனியில பிடிச்சு நீட்டினா விரலும் தீனிதான். மூக்குக்கு நேர் கீழே அதுக்குக் கண்ணு தெரியாது, உதட்டாலதான் தேடும். காது பின்னால படிஞ்சா கையை எடு. கழுதை உதைக்கும்னு ஊருக்கே தெரியும், கடிக்கும்ங்கறதை மட்டும் கடி வாங்கித்தான் தெரிஞ்சுக்குவேன்னு அடம்.

வண்டியிலருந்து மட்டும் கொடுக்கவே கொடுக்காதே. ஏன்னா வண்டின்னா தீனின்னு கழுதை கத்துக்கும். அப்புறம் ஊருக்கு வெளியே, வளைவுல, இருட்டுல, வர்ற வண்டியைப் பார்த்து அது ரோட்டுக்கு வரும். அந்த வண்டி நிக்காது. இந்த வெள்ளை எஸ்யூவி போட்ட சிப்ஸுக்கு எவனோ ஒருத்தனும் ஏதோ ஒரு கழுதையும் பில் கட்டணும்.

இதெல்லாம் சும்மா திரியுற அனாதைக் கழுதைன்னு ஒரு நெனைப்பு வேற. 1915-ல இங்க பெரிய தங்கப் படிவு கிடைச்சப்போ, சுரங்கத்துக்குத் தண்ணி, தாது, மரம் எல்லாம் சுமந்த கழுதைகளோட வம்சம் இது. 1942-ல போருக்காக அரசாங்கம் தங்கச் சுரங்கங்களை மூடச் சொன்னப்போ மனுஷங்க மூட்டை கட்டினாங்க. கழுதைங்க மலைக்குப் போச்சு. 1950-கள் தொடக்கத்துல நெடுஞ்சாலையையும் இந்த ஊரை விட்டு விலக்கி யூக்காங்கற ஊர்ப் பக்கமாத் திருப்பிட்டாங்க. கழுதை கெட்டா குட்டிச்சுவர்னு சொல்லுவோம். இங்க ஊர் குட்டிச்சுவராச்சு, கழுதை வந்து அதைக் காப்பாத்துச்சு. இன்னிக்கு அந்தத் தெருவுல ஓடுற ஒவ்வொரு ஐஸ்கிரீம் வியாபாரமும் கழுதை போட்ட பிச்சை. 1971 சட்டப்படி அதுக்குக் கூட்டரசுப் பாதுகாப்பு இருக்கு, தொல்லை கொடுத்தா வழக்கு. காலையில மலையிலருந்து இறங்கும், சாயங்காலம் ஏறிப் போகும். அலுவலக நேரம் நம்மளவிட ஒழுங்கு.

சரி, இந்த வெள்ளை எஸ்யூவி ஊருக்குள்ள எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? கிங்மன்லருந்து சுமார் 28 மைல். ஜிபிஎஸ் என்ன சொன்னாலும் ஒரு மணி நேரம் வெச்சுக்கோங்க. நடுவுல சிட்கிரீவ்ஸ் கணவாய், 3,500 அடிக்கு மேல. கொண்டை ஊசி வளைவு, பல இடத்துல தடுப்பே கிடையாது. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பி மிதிச்சுக்கிட்டே வந்தா, பட்டை சூடேறி, கருகின வாசனையோடதான் ஊருக்குள்ள நுழையணும். நுழைஞ்சுட்டு, "கழுதை நாத்தம்"னு மூக்கைப் பொத்துறாங்க. அம்மா, அது உங்க பிரேக்! எல்-லயோ ரெண்டாவது கியர்லயோ போட்டு இன்ஜினைப் பிடிக்க விடுங்க, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்க. அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி-க்கு பெட்ரோல் பம்ப் கிடையாது, டேங்க்லருந்து தானா வழிஞ்சுதான் இன்ஜினுக்கு வரணும். செங்குத்தா ஏறினா வராது. அதனால வண்டியைத் திருப்பி ரிவர்ஸ்ல இந்த மலையை ஏறினாங்க. அவங்க வம்சத்துக்கு இப்போ முன்பக்கமா இறங்கவே வரல.

40 அடிக்கு மேல நீளமான வண்டிக்கு அந்தக் கணவாய்ல அனுமதி இல்ல, போர்டு வெச்சிருக்கு. ட்ரெய்லர் இழுக்குறவங்க தெற்கே டோபாக்லருந்து கோல்டன் ஷோர்ஸ் வழியா வாங்க, அந்தப் பக்கம் ஏற்றம் சாது. ஊருக்குள்ள பெட்ரோல் பங்க்கை எதிர்பார்க்காதீங்க, முன்னாடியே நிரப்பிக்கோங்க. போர்டைப் படிக்காம வளைவுல மாட்டிக்கிட்டு முப்பது அடி ரிவர்ஸ் எடுக்குற ஆளைப் பத்தி இன்னொரு நாள் குமுறுறேன். இன்னிக்கு ரத்த அழுத்தம் இவ்வளவுதான் தாங்கும்.

எஸ்யூவி என்னாச்சா? பதினோராவது நிமிஷம் நகர்ந்துச்சு. சரியா அப்போ தெருவுல கவ்பாய் வேஷக்காரங்க நடிச்சுக் காட்டுற துப்பாக்கிச் சண்டை ஆரம்பிச்சுது, மறுபடி எல்லா வண்டியும் நின்னுச்சு. வெடிச் சத்தத்துக்கு ஜனம் துள்ளுச்சு. கழுதைங்க திரும்பிக்கூடப் பார்க்கல. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

ஆனா ஒண்ணு மட்டும் சிரிக்க முடியல. "ஓட்மேன் ரோட்டுல முட்டையை உடைச்சு ஊத்தினா ஆம்லெட்"னு ஒரு ரீல்ஸ் சுத்துதே, அதைப் போட்டது யாரு? வெள்ளைக்கரு கெட்டியாக ஆரம்பிக்கவே 60 டிகிரிக்கு மேல வேணும், மஞ்சளுக்கு இன்னும் கூட. தார் அந்தச் சூட்டைத் தொட்டாலும் முட்டை விழுந்ததும் அந்த இடம் குளிர்ந்துடும், சுத்தியிருக்குற சூடு சட்டுன்னு வந்து சேராது, தார் என்ன இரும்புச் சட்டியா? அதனாலதான் ஜூலை 4 அன்னிக்கு நடக்குற முட்டை பொரிக்கிற போட்டியில பூதக்கண்ணாடியும் முகம் பார்க்குற கண்ணாடியும் வெச்சு வெயிலைக் குவிக்க விடுறாங்க. அந்த ஊர்ல கண்ணாடியை உருப்படியாப் பயன்படுத்துற ஒரே நாள் அதுதான்.