குளத்து மீன்கள் குளிரில் சாகவில்லை

பிப்ரவரி கடைசி வந்தால் போதும், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே மாதிரிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். ஐஸில் போட்ட ஓட்டை, அதில் வாயை மேலே தூக்கிக்கொண்டு தவிக்கும் சின்ன மீன்கள், கூடவே "யாரோ குளத்தில் விஷம் கலந்துவிட்டார்கள்" என்று ஒரு வரி. அப்புறம் எல்லோரையும் திட்டித் தீர்ப்பார்கள். கடைசியில் ஒருவர் வந்து, "ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் ஏரேட்டர் வாங்குவோம், வசந்தத்தில் புது மீன் விடுவோம்" என்பார். உடனே கட்டைவிரல்கள் குவியும். நான் போடுவதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்காக விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மீன் குளிரில் விறைத்துச் சாவதில்லை. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், இங்கேயே இருபது வருஷம் இருப்பவர்களும்கூட. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும், உறைவது மேற்பரப்புதான். மீன்கள் கீழே அசைவைக் குறைத்து, இரையைக் குறைத்துக் குளிர்காலத்தை ஓட்டிவிடும். சொல்லப்போனால், குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரையும். 0 டிகிரியில் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும், 30 டிகிரியில் ஏறத்தாழ அதில் பாதிதான். ஐஸ் மூடும் நாளில் குளத்தின் கையிருப்பு நன்றாகவே இருக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகு. ஐஸ் மூடியதும் காற்றோடு இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆனாலும் தெளிந்த ஐஸ் வழியாக வெளிச்சம் இறங்கும், அடியில் இருக்கும் செடிகளும் நுண்பாசிகளும் கொஞ்சம் ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் பனி கொட்டி ஓரடி உயரத்துக்கு நின்றுவிட்டால் உள்ளே இருட்டு. செடிகள் செத்து அழுகும். அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். முப்பதடி ஆழமான ஏரியில் தண்ணீர் நிறைய இருப்பதால் ஏப்ரல்வரை தாக்குப்பிடிக்கும். ஐந்தடிக் குளத்தில், அதுவும் கோடையில் துடுப்புப் போட முடியாத அளவுக்குச் செடி மண்டிய குளத்தில், அழுக வேண்டியது அதிகம், மூச்சுக்கு மிச்சம் இருப்பது குறைவு. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இங்கத்து மீன்களான புளூகில்லும் லார்ஜ்மௌத் பாஸும் முதலில் சாகும். பெர்ச்சும் நார்தர்ன் பைக்கும் இன்னும் சில நாள் தாங்கும். புல்ஹெட் கெளுத்தியும் கெண்டையும் கடைசிவரை நிற்கும். 2022-23 குளிர்காலத்தில் மினியாபொலிஸ் பக்கம் 90 அங்குலத்துக்குப் பனி கொட்டியது. அந்த மாதிரி வருஷங்களில்தான் இந்தச் சாவுகள் கூடும்.

போன குளிர்காலத்தில் அலுவலக நண்பர் ஒருவரோடு, சுற்றிலும் கோரை வளர்ந்த ஒரு சின்னக் குளத்துக்குப் போயிருந்தேன். அறுபதைத் தாண்டியவர், சிறுவயதிலிருந்தே ஐஸில் மீன் பிடிப்பவர். ஐஸைத் துளைக்கும் ஆகரைத் திருகி ஓட்டை போட்டதும் பழுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது, கூடவே அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றிலிருந்து வருவது. கொஞ்ச நேரத்தில் ஓட்டையின் விளிம்பில் நீர்வண்டுகள் ஒவ்வொன்றாக ஏறி, நொறுங்கிய ஐஸ்மேல் தடுமாறி ஊர்ந்தன. பின்னாலேயே விரல் நீள மீன்கள் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நண்பர் தூண்டிலைத் தொடவே இல்லை. கம்பியின் நுனியில் இருந்த ஆக்சிஜன் அளவுமானியை இறக்கிப் பார்த்தார். 1 மில்லிகிராம்கூட இல்லை. "இன்னும் நாலு ஓட்டை போட்டால் காற்று உள்ளே போகுமா?" என்று கேட்டேன். "போகாது, அந்த வேகத்தில் கலக்காது" என்றார். குளத்தின் பரப்போடு பார்த்தால் பத்து ஓட்டையும் ஒன்றுமில்லாததுதான். ஆனால் இன்றும் யாராவது படம் போட்டால், "ஓட்டை போடுங்கள்" என்றுதான் முதல் பதில் வருகிறது.

சரி, ஏரேட்டருக்கு வருகிறேன். அது வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. சரியான நேரத்தில், சரியான குளத்தில் போட்டால் மீன் பிழைக்கும். ஆனால் மீன் வாய்பிளக்க ஆரம்பித்த பிறகு பிப்ரவரியில் அவசரமாகப் போட்டால், அடிச்சேற்றைக் கலக்கிவிட்டு மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தீர்த்துவிடக்கூடும். தவிர, அது சுற்றியுள்ள ஐஸை மெலிதாக்கும். மினசோட்டாவில் பொது நீர்நிலைகளில் அதைப் போட அனுமதி வாங்க வேண்டும், எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். பிள்ளைகள் சறுக்கி விளையாடும் குளத்தில் நான் அந்த ஆபத்தை ஏற்கமாட்டேன்.

இன்னொன்று. எங்கள் குளம் இயற்கைக் குளமே இல்லை. வீடு கட்டியவர்கள் மழைநீருக்காக வெட்டியது. தெருவில் ஓடும் தண்ணீரைப் பிடித்து, அதிலுள்ள மண்ணையும், செடிகளை வளர்க்கும் சத்தான பாஸ்பரஸையும் அடியில் தங்கவைப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் அதில் சேறு சேருகிறது, செடி மண்டுகிறது. அதில் புளூகில்லைக் கொண்டுவந்து விட்டு, மார்ச்சில் அது மிதப்பதைப் பார்த்துக் கண்ணீர்விட்டு, மே மாதம் மறுபடி வாங்கி விடுவது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. மீன்மேல் உண்மையிலேயே பாசம் இருந்தால், அது உயிர்வாழ முடியாத இடத்தில் அதை விடாமல் இருப்பதுதான் முதல் வேலை.

குளிர்காலத்தில் மீன் சாகிற குளமெல்லாம் பாழ் என்றும் நினைக்கக் கூடாது. மீன் இல்லாத வருஷங்களில் தண்ணீர்ப்பூச்சிகளும் பாசியைத் தின்னும் டாஃப்னியா போன்ற மிகச் சிறிய உயிரினங்களும் பெருகும், தண்ணீர் தெளியும், வாத்துகள் வரும். இந்த மாநிலத்தின் இயற்கைவளத் துறையே அப்படிப்பட்ட குளங்களை வால்ஐ மீன் வளர்க்கப் பயன்படுத்துகிறது. வசந்தத்தில் குஞ்சுகளை விட்டு, இலையுதிர்காலத்தில் விரல் நீளம் வளர்ந்ததும் ஐஸ் மூடுமுன் பிடித்துப் பெரிய ஏரிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். குளத்தின் குணத்தை அறிந்து பயன்படுத்துவது இதுதான்.

ஏரேட்டர் வேண்டும் என்று நானே கைதூக்கும் இடமும் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பீட்டர் சோரன்சன் குழுவினர், ஏரியின் அடிமண்ணைக் கிளறிக் கலக்கும் வெளிநாட்டுக் கெண்டை மீன்களைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். பெரிய ஏரியிலிருந்து கெண்டைகள் ஓடை வழியாக ஆழமில்லாத குளங்களுக்குப் போய் முட்டையிடுகின்றன. முட்டைகளைத் தின்னும் புளூகில்கள் அங்கே குளிர்காலத்திலேயே செத்துப்போயிருக்கும், குஞ்சுகள் தடையில்லாமல் பெருகி ஏரிக்குத் திரும்பும். அப்படிப் பெரிய ஏரியோடு இணைந்த குளத்தில் புளூகில்லைக் காப்பாற்றக் காசு செலவழிப்பது நியாயம். எங்கள் குளத்துக்கு அந்த இணைப்பு கிடையாது.

தங்கமீனையும் சொல்லியாக வேண்டும். வீட்டுத் தொட்டி அலுத்துப்போனால் குளத்தில் கொட்டுகிறார்கள். தங்கமீனுக்கு ஆக்சிஜனே இல்லாமலும் நாள் கணக்கில் தாங்கும் உடல். தசையில் சேரும் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியாக வெளியேற்றிவிடும். நாட்டு மீன் செத்த குளத்தில் அது மட்டும் நிற்கும். 2021-இல் இங்குள்ள பர்ன்ஸ்வில் நகராட்சி அமெரிக்கக் கால்பந்து அளவுக்கு வளர்ந்த தங்கமீன்களின் படத்தைப் போட்டு, தயவுசெய்து விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியதெல்லாம் கோடையிலும் இலையுதிர்காலத்திலும்தான் இருக்கிறது. புல்தரை உரத்தில் பாஸ்பரஸ் போடுவதற்கு 2005 முதல் மாநிலம் முழுக்கக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் வெட்டிய புல்லும் உதிர்ந்த இலையும் அதே பாஸ்பரஸைத்தான் சுமக்கின்றன. அவற்றைத் தெருவோரம் ஒதுக்கிவிட்டால் முதல் மழையில் வடிகால் வழியாக நேராகக் குளத்துக்குள் போகும். நடுவில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கிடையாது. ஹாம்லின் பல்கலைக்கழகம் நடத்தும் அடாப்ட்-எ-டிரெயின் திட்டத்தில் வீட்டு வாசல் வடிகாலைப் பதிவுசெய்துகொண்டு, அதன் வாயில் சேரும் இலைகளை அள்ளலாம். கால் மணி நேர வேலை.

அடுத்த மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஏரேட்டர் தீர்மானம் வருகிறது. நான் எதிர்த்து வாக்களிக்கிறேன். அந்தக் காசில் கரையைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்வெட்டுவதை நிறுத்தி, ஆழமாக வேர்விடும் நாட்டுச் செடிகளை வைப்போம், மீன் வாங்கி விடுவதை நிறுத்துவோம் என்று மாற்றுத் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், கூட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.