அந்த இரவு டூட்டி சிஸ்டருக்கு
மே 12 செவிலியர் தினத்துக்காக வந்த ஒரு கட்டுரையைப் படித்ததும் மதுரை பெரியாஸ்பத்திரியில் இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து கிடந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள், இருமினால் உயிர் போகும், ஆனால் இருமாமல் விட்டால் சளி கட்டி நிமோனியா வரைக்கும் போய்விடும். இரவு டூட்டி சிஸ்டர் தலையணையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப இருமுங்கப்பா, நான் பிடிச்சிருக்கேன்" என்பார். அத்தனை படுக்கைக்கும் அவர் ஒருத்தர்தான். அப்புறம் ஒரு நாள் படுக்கையிலேயே மலம் போய்விட்டது, கூச்சத்தில் அழுதேவிட்டேன், "எங்க அப்பாவுக்குச் செய்ய மாட்டேனா" என்று சொல்லிக்கொண்டே துடைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிவிட்டார். டாக்டர் பெயர் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது, இவர் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். நல்லா இரு தாயி.