மாப்பிள்ளை ஏழு முறை செத்த கதை

(ஞாயிற்றுக்கிழமை இரவு. கூடத்துத் தொலைக்காட்சியில் 2002-இல் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில்' திரைப்படம் அப்போதுதான் முடிந்திருக்கிறது. மாமனார் அரசு அலுவலகமொன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். மருமகன் கல்லூரிக் காலம் முதல் திகில் வீடியோ கேம்களை ஆடிவருபவர்; படம் ஓடிய நேரம் முழுவதும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்.)

மாமனார்: படம் நன்றாகத்தானே இருந்தது, மாப்பிள்ளை? நீங்கள் மட்டும் ஏன் பந்தியில் பாயசம் கிடைக்காதவரைப் போல உட்கார்ந்திருக்கிறீர்கள்?

மருமகன்: படத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது, மாமா. 1996-இல் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷன் என்ற வீடியோ கேம் இயந்திரத்துக்காக இதே பெயரில் வெளியிட்ட கேமை இரவு பகலாக ஆடியவன் பார்த்தால்தான், சொந்த ஊர்ப் பெயர் போட்ட பேருந்தில் ஏறி வேறு ஏதோ ஊரில் இறக்கிவிடப்பட்டது போல இருக்கும். இந்தக் கதாநாயகி ஆலிஸ், அந்த கேமிலேயே கிடையாது.

மாமனார்: கிடையாதா? அப்படியானால் இவ்வளவு நேரம் சண்டை போட்டது யார்?

மருமகன்: இயக்குநர் பால் ஆண்டர்சன் திரைக்காகவே படைத்த பாத்திரம் அது; மிலா ஜோவோவிச் நடித்தார். கேமின் நாயகர்களான கிறிஸ், ஜில் இருவரும் முதல் படத்தில் தலையே காட்டவில்லை. 2016 வரை ஆறு படங்கள் வந்தன, ஆறிலும் ஆலிஸ்தான். ஜில் இரண்டாம் படத்தில் வந்து சேர்ந்தபோதுகூட மணப்பெண்ணுக்குத் தோழியாகத்தான் நின்றார்.

மாமனார்: ஆறு படம் எடுத்திருக்கிறார்கள் என்றால் கல்லாப்பெட்டி நிறைந்திருக்கிறது என்றுதானே பொருள்?

மருமகன்: ஆறும் சேர்ந்து உலகமெங்கும் 120 கோடி டாலருக்கு மேல் வசூலித்தன. அதனால்தான் என் வயிற்றெரிச்சலைக் கேட்க ஆளில்லை. சரி, நடுவில் ஒரு நாய் பாய்ந்து வந்ததே, கவனித்தீர்களா? அந்த அம்மையார் சுவரில் கால் வைத்து ஏறி, அந்தரத்திலேயே ஓர் உதை விட்டு அதன் கணக்கை முடித்துவிட்டார். கேமில் அந்த நாய்களிடம் நான் ஏழு முறை செத்தேன்.

மாமனார்: என்ன பேச்சு இது, மாப்பிள்ளை! என் பெண் கழுத்தில் தாலியோடு சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள். விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

மருமகன்: விளையாட்டில்தான், மாமா, செத்தேன். ஒரு பழைய மாளிகை, அதில் ஆளரவமற்ற ஒரு நடைபாதை, ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடிச் சன்னல்கள். பின்னணி இசைகூட அடங்கிக் கிடக்கும். முதல் முறை போனபோது பாதித் தூரம் நடந்ததும் சன்னல் படீரென்று உடைந்து ஒரு நாய் உள்ளே குதித்தது. நான் கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டில்மேல் ஏறிக்கொண்டேன். இரவு இரண்டு மணிக்கு நான் போட்ட கூச்சலில் திருடன் வந்துவிட்டான் என்று என் அம்மா உலக்கையோடு வந்து நின்றார்.

மாமனார்: படத்திலும் நாய் பாய்ந்தது, நானும் திடுக்கிட்டேன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

மருமகன்: படத்தில் நடப்பது ஆலிஸ், அவருக்கு என்ன ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் வேர்க்கடலை சிந்தாது. கேமில் நடப்பவன் நான். அந்த நடைபாதைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்பவனும், துப்பாக்கியில் நான்கே தோட்டா இருக்கும்போது நாய்க்கு எத்தனை, அடுத்த அறையில் இருப்பதற்கு எத்தனை என்று மாதக் கடைசிச் சம்பளக்காரனைப் போலக் கணக்குப் போடுபவனும் நானேதான். கேமராவும் ஒரு மூலையில் அசையாமல் இருக்கும். முனகல் கேட்கும், முனகுவது எது என்று தெரியாது. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் திரை முழுவதும் இருண்டு, அந்தக் கதவு மட்டும் 'கிரீச்' என்று மெல்லத் திறக்கும். உண்மையில் அந்த நேரத்தில் இயந்திரம் குறுந்தகட்டிலிருந்து அடுத்த அறையை ஏற்றிக்கொண்டிருக்கும்.

மாமனார்: சமையல் முடியவில்லை என்பதால் வந்தவர்களை வாசலிலேயே பேச்சில் பிடித்துவைப்பது போல.

மருமகன்: அதேதான். ஆனால் அந்தக் கதவு திறந்து முடிவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். இவ்வளவு சிரமப்பட்டு முன்னேறிய கணக்கைச் சேமிப்பதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. ஆங்காங்கே ஒரு தட்டச்சுப் பொறி இருக்கும். அதில் போட மை ரிப்பன் கையில் இருக்க வேண்டும். ஒரு முறை சேமித்தால் ஒரு ரிப்பன் போய்விடும்.

மாமனார்: (நிமிர்ந்து உட்கார்ந்து) தட்டச்சுப் பொறியா? இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நான் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் தேறியவன். எங்கள் அலுவலகத்தில் ரிப்பன் கேட்டு எழுதிப் போட்டால் வந்து சேர மூன்று மாதம் ஆகும். அதுவரை மங்கிய ரிப்பனையே திருப்பிப் போட்டு ஓட்டுவோம். ரிப்பன் தீர்ந்துபோகிற பயம் என்ன என்பது எனக்குத் தெரியும். படத்தில் அதை நான் பார்க்கவில்லையே, கண்ணயர்ந்த நேரத்தில் வந்துபோனதோ?

மருமகன்: அந்தப் பயம் படத்தில் எந்த நேரத்திலும் வரவில்லை, மாமா. எல்லாம் பற்றாக்குறையாக இருந்ததால் வந்த பயம் அது. பணம் கொட்டி எடுத்த படத்தில் பற்றாக்குறைக்கு எங்கே போவது? 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தால் 1968-இலேயே பிணங்களை எழுந்து நடக்கவைத்த ஜார்ஜ் ரொமேரோ, ஆண்டர்சனுக்கு முன்பே இதற்கு ஒரு திரைக்கதை எழுதினார். கேமின் இரண்டாம் பாகத்துக்கு ஜப்பானியத் தொலைக்காட்சி விளம்பரம் இயக்கியவரும் அவரே. அவருடைய கதை மாளிகையில் நடந்தது, கிறிஸும் ஜில்லும் அதில் இருந்தார்கள். அதை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள்.

மாமனார்: தலைமைச் சமையற்காரரை அழைத்துவந்து, இலை போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். ஆனாலும் அந்த ஒளிக்கதிர் வலை வந்து ஆட்களைக் கத்தரிக்காய் போல நறுக்கிய காட்சி எனக்குப் பிடித்தது. அதுவாவது உங்கள் கேமில் உண்டா?

மருமகன்: (குரலைத் தாழ்த்தி) அது படத்தில்தான் முதலில் வந்தது. பிறகு, 2005-இல் வந்த நான்காம் கேமில், அதே போன்ற ஒரு நடைபாதையை வைத்தார்கள்.

மாமனார்: ஆக, வாய் திட்டிக்கொண்டிருந்தபோதே கை பரிமாறச் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறது.

மருமகன்: அந்தக் காட்சியை மட்டும் நான் எப்போதும் தனிக்கணக்கில் வைப்பேன். அதை விடுங்கள். 2006-இல் கிறிஸ்டோஃப் கான்ஸ் இயக்கிய 'சைலண்ட் ஹில்' என்ற படத்தைப் பற்றி நான் ஓரளவு மரியாதையாகவே பேசுவேன். கேமுக்கு இசையமைத்த அகிரா யமவோகாவின் இசையை அப்படியே எடுத்தாண்டார்கள். ஊரைக் காட்டிய விதத்திலும் குறை சொல்ல முடியாது. 1999-இல் கோனாமி வெளியிட்ட முதல் கேமில் அந்த ஊரே மூடுபனிக்குள் கிடக்கும். அந்தக் காலத்துப் பிளேஸ்டேஷனால் தொலைவிலுள்ள கட்டடங்களையெல்லாம் வரைந்து காட்ட இயலாது என்பதால், பத்தடிக்கு அப்பால் எல்லாவற்றையும் பனியால் மூடிவிட்டார்கள்.

மாமனார்: உங்கள் கல்யாணத்தில் மண்டபத்துச் சுவரில் இருந்த விரிசலை மறைக்கச் சாமியானா துணியை இழுத்துக் கட்டினேனே, அது போல. எல்லோரும் அலங்காரம் பிரமாதம் என்றார்கள்.

மருமகன்: அது விரிசலா? இருக்கட்டும். படத்தில் பனியோடு சாம்பலும் விழும். பென்சில்வேனியா மாநிலத்தில் சென்ட்ரேலியா என்று ஓர் ஊர், அதன் அடியில் உள்ள நிலக்கரிச் சுரங்கம் 1962 முதல் எரிந்துகொண்டிருக்கிறது. அதை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. இதுவரைக்கும் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கேமில் காணாமற்போன மகளைத் தேடிப் போகிறவர் தந்தை; படத்தில் அவரைத் தாயாக மாற்றிவிட்டார்கள்.

மாமனார்: தாய் என்றால் உருக்கம் கூடும்.

மருமகன்: தந்தைக்கு உருக்கம் கிடையாதா? ஹாரி மேசன் ஒரு சாதாரண எழுத்தாளர், மாமா. துப்பாக்கியைக் குறிபார்த்துச் சுட வராது. நாலு தெரு ஓடினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்.

மாமனார்: உங்களைப் போல.

மருமகன்: அதனால்தான் அவரோடு ஒன்றிப்போனேன். இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. தலையில் இரும்புக் கூம்போடு, ஆளுயரக் கத்தியை இழுத்துக்கொண்டு வரும் ஓர் உருவம்; பிரமிட் ஹெட் என்பார்கள். 2001-இல் வந்த இரண்டாம் கேமில், ஜேம்ஸ் என்பவன் தன் மனைவி விஷயத்தில் செய்த ஒரு காரியத்துக்காக, அவனுடைய மனமே அவனைத் தண்டிக்க அனுப்பிவைத்த உருவம் அது. அவனுக்கென்றே பிறந்ததை, அவனே இல்லாத கதையில், பார்க்க மிரட்டலாக இருக்கிறது என்பதற்காகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

மாமனார்: அய்யனார் கோயில் குதிரையைக் கொண்டுவந்து கல்யாண மண்டப வாசலில் நிறுத்தியது போல. அது சரி, மனைவி விஷயத்தில் அவன் என்ன செய்தான்?

மருமகன்: சொல்ல மாட்டேன். அதை ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமனார்: (கூர்ந்து பார்த்து) என் பெண்ணுக்குத் தெரியுமா?

மருமகன்: ஜேம்ஸ் செய்தது, மாமா! நான் எதுவும் செய்யவில்லை. நீங்கள் இதற்கே இப்படிப் பார்க்கிறீர்கள். 2003-இல் ஊவே போல் என்ற ஜெர்மானியர் எடுத்த 'ஹவுஸ் ஆஃப் தி டெட்' படத்தைப் பார்த்திருந்தால் என் பொறுமைக்கு மாலை போட்டிருப்பீர்கள். நடிகர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, இடையிடையே அசல் கேமின் காட்சித் துணுக்குகளை வெட்டி ஒட்டியிருப்பார்.

மாமனார்: கல்யாண வீடியோவில் தாலி கட்டும் நேரத்தில் இரண்டு ரோஜாப்பூ சுற்றிக்கொண்டு வருமே, அப்படியா?

மருமகன்: ரோஜாப்பூவுக்காவது அங்கே வேலை இருக்கிறது. அவர் அதோடு நிற்கவில்லை. தம் படங்களைத் திட்டிய விமர்சகர்களைக் குத்துச்சண்டைக்கு அழைத்தார். 2006-இல் வான்கூவர் நகரில் மேடையேறி, ஒருவர் பின் ஒருவராக அவர்களை வீழ்த்தவும் செய்தார். இளமையில் குத்துச்சண்டை பழகியவராம்.

மாமனார்: நீங்கள் ஒன்றும் எழுதிவிடவில்லையே?

மருமகன்: இல்லை, மாமா.

மாமனார்: நல்லது. ஏற்கெனவே ஆன ஏழு முறையே போதும்.

மருமகன்: 2005-இல் 'டூம்' கேமைப் படமாக்கியபோது நரகத்தையே கதையிலிருந்து நீக்கிவிட்டார்கள், பேய்கள் மரபணுக் கோளாறாக மாறிவிட்டன. அதைப் பேசினால் தோசை ஆறிவிடும். 2023-இல் வந்த 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்' உங்களுக்குப் பிடிக்கக்கூடும். 2014-இல் ஸ்காட் காதன் என்ற தனியொருவர் உருவாக்கிய கேம் அது. நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஓர் உணவகத்தில் காவல் வேலை. பகலில் குழந்தைகளுக்குப் பாட்டுப் பாடிய பொம்மைக் கரடியும் முயலும் இரவில் எழுந்து நடமாடும். காவலாளி நாற்காலியை விட்டு அசைய முடியாது; கதவை மூடலாம், விளக்கைப் போடலாம், கேமராவைப் பார்க்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் மின்சாரத்தைத் தின்னும். மின்சாரம் தீர்ந்தால் கதை முடிந்தது.

மாமனார்: மின்வெட்டுக்குப் பயப்பட ஒரு கேமா? இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்த்தபடியே நாம் எத்தனை இரவு உட்கார்ந்திருக்கிறோம்!

மருமகன்: படத்தில் பொம்மைகளை அருமையாகச் செய்திருந்தார்கள், ஜிம் ஹென்சன் பட்டறையின் கைவேலை. ஆனால் அந்தக் காவலாளி, மாமா, மாத்திரை போட்டுக்கொண்டு பணிநேரத்தில் தூங்குகிறார்! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்திருக்க வேண்டியவர், காலை நீட்டிப் படுத்துக் கனவு காண்கிறார்.

மாமனார்: இரவுக் காவலாளி தூங்குவதுதான் நீங்கள் இதுவரை சொன்ன கதைகளிலேயே நம்பும்படியாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். எதையும் மாற்றாமல் கேமில் உள்ளபடியே ஒருவர் எடுத்துவிட்டால் உங்களுக்குத் திருப்திதானா?

மருமகன்: (சற்றுத் தயங்கி) 2021-இல் ரெசிடென்ட் ஈவிலையே மறுபடியும் 'வெல்கம் டு ரக்கூன் சிட்டி' என்று எடுத்தார்கள். ஆலிஸ் இல்லை, கிறிஸ், ஜில், மாளிகை, காவல் நிலையம், எல்லாம் இருந்தன. முதல் இரண்டு கேம்களையும் ஒரே படத்துக்குள் திணித்துவிட்டதால், ஒவ்வோர் அறையையும் சுற்றுலா வழிகாட்டி போலக் கைகாட்டிவிட்டு ஓடினார்கள். இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததால் பயமும் வரவில்லை.

மாமனார்: மாற்றினால் துரோகம், மாற்றாவிட்டால் சலிப்பு. உங்களுக்குப் பெண் பார்க்கப் பதினோரு வீடு ஏறினார்கள் என்று சம்பந்தி சொன்னபோது நான் நம்பவில்லை. சரி, அந்தத் தட்டச்சுப் பொறி கேமைப் போடுங்கள். நானும் ஆடிப் பார்க்கிறேன்.

(மருமகன் பரணிலிருந்து பழைய பிளேஸ்டேஷனை இறக்கி, தூசு தட்டி மாட்டுகிறார். ஜில் எட்டுப் பொருள் சுமக்கலாம், கிறிஸுக்கு ஆறுதான் என்று கேட்டறிந்து மாமனார் ஜில்லைத் தேர்ந்தெடுக்கிறார். தோசை வந்து, ஆறி, மீண்டும் உள்ளே போகிறது. ஒரு மணி நேரம் கழித்து:)

மருமகன்: மாமா, அரை மணி நேரமாக இந்த ஓர் அறையிலேயே நிற்கிறீர்கள். கையிலிருந்த ரிப்பன்களையெல்லாம் போட்டு, ஓரடிகூட நகராமல், மூன்று முறை சேவ் செய்துவிட்டீர்கள்.

மாமனார்: நகல் எடுக்காத தட்டச்சர் உண்டா? அசல் ஒன்று, நகல் இரண்டு. தவிர, இந்த அறைக்கு என்ன குறை? பொறி இருக்கிறது, சாமான் வைக்கப் பெட்டி இருக்கிறது, தாலாட்டுப் போல இசை வருகிறது. பிசாசும் உள்ளே வருவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

மருமகன்: கதவைத் திறந்து வெளியே போனால்தானே கதை நகரும்?

மாமனார்: வெளியே ஏதோ காலை இழுத்து இழுத்து நடக்கிறது, மாப்பிள்ளை, கேட்கவில்லையா? அந்த ஆலிஸைக் கூப்பிடுங்கள். அவர் வந்து திறக்கட்டும், நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

மருமகன்: ஆலிஸ் இந்த கேமில் கிடையாது, மாமா.

மாமனார்: அதுதான் இந்த கேமில் இருக்கிற குறை.